வழிநடையும் வடிதுணியும்

பழங்காலத் துறவிகள் வழிப்பயணத்தில் நீரை வடிகட்டியே பருகினர். ஆகவே நோய்க்கிருமிகளை அவர்கள் அன்றே அறிந்திருந்தனர் என்றொரு கூற்று நம் ஆய்வுக் குழுக்களிலும் உலவுகிறது. முற்பாதி உண்மை. பிற்பாதிக்கு மூலநூல்களில் இடமில்லை.

பாலி விநயத்தின் சுள்ளவக்கத்தில் ஒரு நிகழ்ச்சி. கோசல நாட்டு நெடுவழியில் இரு பிக்குகள் செல்கின்றனர். ஒருவரின் ஒழுக்கக் குறைவை மற்றவர் கண்டிக்க, மனக்கசப்பு விளைகிறது. பின்னர், கண்டித்தவர் தாகத்தால் வாடி வடிதுணியைக் கேட்கிறார். கசப்புற்றவர் தர மறுக்கிறார். கேட்டவர் தாகத்தால் இறக்கிறார். இதன்பின் விதிகள் பிறக்கின்றன: வழியில் கேட்பவருக்கு வடிதுணியை மறுக்கலாகாது, அஃதின்றிப் பயணம் புறப்படலாகாது, இல்லையெனில் மேலாடையின் முனையையே வடிதுணியாகக் கொள்ளலாம்.

நீர் அருகிருந்தும் ஒருவர் ஏன் இறக்க வேண்டும்? விடை ஒரு சொல்லில் இருக்கிறது. பாசித்திய விதிகளில் 62ஆவது, 'சப்பாணக' நீரை அறிந்தே பயன்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. ச என்பது 'உடன்'. பாண என்பது வடமொழிப் பிராணன். உயிரோடு கூடிய நீர் என்பதே பொருள். அழுக்கோ நோயோ இச்சொல்லில் இல்லை. காக்கப்பட்டது குடிப்பவரின் உயிரன்று, நீரில் வாழும் உயிர்.

671இல் சீனத்திலிருந்து புறப்பட்டு, நாலந்தாவில் ஏறக்குறையப் பத்தாண்டுகள் பயின்ற இ-சிங் இவ்வழக்கத்தைக் கண்முன் நிறுத்துகிறார். துறவி இரு கலங்கள் வைத்திருப்பார்: பருகும் நீருக்கு மண் அல்லது பீங்கான், கழுவும் நீருக்குச் செம்பு அல்லது இரும்பு. பருகும் கலத்துக்கு மூடியும் குறுகிய துளையும் உண்டு. தோளில் தொங்கவிடத் துணிப்பையும் உண்டு. நாள்தோறும் காலையில் நீரைச் சோதித்தாக வேண்டும். அவர் குறிக்கும் கலம் குண்டிகை. நம் இலக்கியம் அறிந்த அதே சொல். மலாயின் 'கெண்டி'யும் இதன் வழிவந்ததே. (என் ஆய்வேட்டில் இதற்கு ஓர் அடிக்குறிப்புதான் கிடைத்தது!)

ஆயினும் நோக்கம் வேறாக இருந்தும் பயன் விளைந்தது. நரம்புச் சிலந்திப் புழுவின் குஞ்சுகளைச் சுமப்பது சைக்ளாப்ஸ் எனும் நுண்ணிய நீருயிரி. நெருக்கமான துணி அதைத் தடுத்துவிடும். 2000இல் அந்நோயிலிருந்து இந்தியா விடுபட்டதாக அறிவிக்கப்பட்டதில் துணி வடிகட்டிகளுக்கும் பங்குண்டு. வங்கதேசச் சிற்றூர்களில் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், மடித்த பழஞ்சேலையால் நீரை வடித்தோரிடையே காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. காலராக் கிருமி இத்தகைய நீருயிரிகளைப் பற்றி வாழ்வதே காரணம். தனித்து மிதக்கும் கிருமிகளைச் சேலை தடுக்காது.

இவற்றைத் துறவியரின் முன்னறிவாகக் கொள்ள இயலாது என்பதற்கு அவர்களின் நடைமுறையே சான்று. நோய்க்கு அஞ்சி வடித்தவர் துணியில் தங்கியதை அப்பால் எறிந்திருப்பார். இவர்களோ, அவ்வுயிர்களைச் சிதையாமல் எடுத்த நீரிலேயே திரும்ப விட்டனர். வடிதுணியின்றி அடுத்து வந்த வழிப்போக்கருக்கு அக்கிணறு முன்பிருந்தபடியே இருந்தது.