தங்கவயலைக் கட்டிய நான்கு இழைகள்

தங்கவயல் என்று சொன்ன மாத்திரத்தில் பிறர்க்கு நினைவு வருவது பொன். சரக்குக் கணக்கு எழுதிப் பழகிய எனக்கோ நினைவு வருவது வேறொன்று. ஓர் அவுன்சுப் பொன் வெளியே செல்வதற்கு முன் எவ்வளவு பொருள் உள்ளே வந்திருக்க வேண்டும் என்பதே அது. நிலக்கரி, விறகு, சுரங்கக் கூரையைத் தாங்கும் மரம், வெடிமருந்து, இரும்புக் குழாய், பாதரசம், சயனைடு, அரிசி, பருப்பு, இவற்றோடு மனிதர். இவை உரிய நாளில் வந்து சேராவிடின் பூமிக்குள் கிடந்த பொன் அங்கேயே கிடந்திருக்கும். இக்காலத்தார் இதனை வழங்கற் சங்கிலி என்று பெயரிட்டு அழைக்கின்றனர். பெயர் புதிது, செயல் நம் ஊரில் நூறாண்டுக்கு முன்பே நடந்தது.

இங்குப் பொன் உண்டென்பது வெள்ளைக்காரர் கண்டுபிடித்த இரகசியமன்று. 1802ஆம் ஆண்டில் ஜான் வாரன் என்னும் படை அதிகாரி இப்பக்கம் வந்தபோது, ஊரார் மண்ணைக் கழுவிப் பொன்துகள் எடுப்பதைத் தம் கண்ணாலேயே கண்டார். ஆயினும் எழுபது ஆண்டுகள் எதுவும் பெரிதாக நடந்துவிடவில்லை. நியூசிலாந்துப் போரில் பங்கு கொண்டு பெங்களூரில் வந்து தங்கிய லவெல் என்னும் அயர்லாந்துக்காரர் 1873இல் மைசூர் அரசிடம் உரிமம் வேண்டினார். அவரிடமும் முதல் இல்லை. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் பொறுப்பேற்ற பின்னரே வேலை நிலை பெற்றது. பொன்னோ பாறைக்குள் கண்ணுக்குத் தெரியாத துகளாகக் கலந்திருந்தது. ஒரு டன் பாறையை இடித்து ஏறத்தாழ ஓர் அவுன்சு கிடைத்தால் அது செழிப்பான காலம். அத்தனை பாறையை இடிக்க இயந்திரம் வேண்டும். இயந்திரம் இங்கு வந்து சேர வழி வேண்டும்.

சென்னையிலிருந்து சோலையார்பேட்டை வழியாகப் பெங்களூருக்குச் செல்லும் இருப்புப்பாதை 1864இலேயே திறக்கப்பட்டுவிட்டது. அது பவுரிங்பேட்டையைத் தொட்டுச் சென்றது. மைசூர்க் கமிஷனராயிருந்த பவுரிங் துரையின் பெயரைத் தாங்கிய அந்நிலையம்தான் இன்றைய பங்காருப்பேட்டை. அங்கிருந்து சுரங்கம் பத்து மைல். அந்தப் பத்து மைல் பாரமான இரும்புச் சாமான்களுக்குப் பெருந்தடையாக இருந்தது. கப்பலில் கடல் கடந்து, வண்டியில் நூற்றுக்கணக்கான மைல் வந்த சரக்கு, கடைசிப் பத்து மைலுக்கு மாட்டு வண்டியை நம்பி நின்றது. 1894இல் பவுரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை கிளைப்பாதை திறக்கப்பட்டது. சரக்கு, சுரங்கத்தின் வாயிலிலேயே இறங்கலாயிற்று. இது முதல் இழை.

இரண்டாவது இழை கம்பி. இதனைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்; ஏனெனில் நம் பிள்ளைகள் பலர் இதை அறியார். நீராவியால் இயங்கிய ஆலைகளுக்கு எரிபொருள் செலவு தாங்க முடியாத சுமையாயிற்று. சிவசமுத்திரத்தில் காவிரி வீழ்கின்ற இடத்தில் மின்சாரம் எடுத்து, அதனைச் சுரங்கத்திற்குக் கொண்டுவரலாம் என்னும் யோசனையை மைசூர்ப் பொறியியலாளர் ஜோலி டி லாட்பினியேர் தந்தார். திவான் சேஷாத்ரி ஐயர் அதனை ஏற்று நடத்தினார். இயந்திரங்கள் அமெரிக்காவிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் வந்தன. இடையே 92 மைல் தூரம். அக்காலத்தில் உலகில் எங்குமே அவ்வளவு தூரத்திற்கு மின்சாரம் கொண்டுசெல்வது அரிய செயல். 1902 ஜூன் 30ஆம் நாள் மின்சாரம் தங்கவயலை வந்தடைந்தது. அதனைக் காணச் சேஷாத்ரி ஐயர் இல்லை. அதற்கு முந்திய செப்டம்பரிலேயே அவர் காலமானார். பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல். நமக்கு மூன்றாண்டு பிந்தி! இதனை நம் ஊரார் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்வர், சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் அம்மின்சாரம் முதலில் ஓட்டியது கம்பெனியின் இயந்திரங்களையே. நம்மவர் குடியிருந்த லைன்களில் மண்ணெண்ணெய் விளக்குத்தான் நெடுங்காலம் எரிந்தது.

ஒன்றைக் கட்டினால் மற்றொன்றைக் கட்ட வேண்டியிருந்தது என்பதற்கும் இதுவே சான்று. கோடையில் காவிரி மெலியும், மின்சாரமும் குறையும். சுரங்கமோ கோடைக்காக நிற்காது. ஆற்று நீரைத் தேக்கிச் சீராக விட வேண்டும் என்னும் தேவை, 1911இல் தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணைக்கு ஒரு முக்கியக் காரணமாயிற்று. காவிரியின் கீழ்ப்பகுதியில் உழுதுகொண்டிருந்த தமிழ்நாட்டு விவசாயி இதைப் பற்றிக் கவலை கொண்டான். 1924இல் மைசூரும் சென்னையும் உடன்படிக்கை செய்துகொண்டதும் இவ்வணையை ஒட்டித்தான். தங்கவயலுக்கு வந்த ஒரு கம்பியின் வேர் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது பாருங்கள்.

மூன்றாவது இழை குழாய். பாலாற்றின் மீதமைந்த பேத்தமங்கலம் ஏரியிலிருந்து சுரங்கத்திற்கும் குடியிருப்புக்கும் நீர் வந்தது. அதனை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. குழாயடியில் குடத்தோடு நின்ற தாய்மார்கள் நன்கறிவார்கள்.

நான்காவது இழை மனிதர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்த நம் முன்னோர் அவ்விருப்புப்பாதையில்தான் வந்தனர். என் பாட்டனாரும் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு மூட்டையுடன் வந்து இறங்கியவர். தம் டிக்கெட்டின் விலையைக் கடைசிவரை மறக்காதவர். ஒரு காலத்தில் 30,000 பேருக்கு மேல் சுரங்க வேலையில் இருந்தனர். அவர்களையும் ஒரு பொருளாகவே கணக்கில் எழுதினர். 1930இல் ஒவ்வொரு தொழிலாளியின் கைரேகையையும் பதிவு செய்யும் முறை கொண்டுவரப்பட்டபோது, நம்மவர் அதனை அவமானமாகக் கருதி வேலைநிறுத்தம் செய்தனர். வெடிமருந்துப் பெட்டிக்கு எண் இருப்பது நியாயம். மனிதன் விரலை மைதோய்த்துக் கொடுக்க வேண்டுமா என்பதே அவர்கள் கேள்வி. இன்று அலுவலகங்களில் கைரேகை வைத்து வருகை பதிகின்றோம். எங்கள் நிலையத்தில் அப்படி விரல் வைக்கும் ஒவ்வொரு காலையும் அவ்வேலைநிறுத்தம் என் நினைவுக்கு வரும்.

சாம்பியன் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. ஆழம் கூடக் கூடச் செலவு கூடிற்று. பாறையில் பொன் குறைந்தது. கடைசிக் காலத்தில் ஒரு டன்னுக்குச் சில கிராம்களே கிடைத்தன. 1956இல் மைசூர் அரசு ஏற்றுக்கொண்டது. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. மொத்தம் 800 டன்னுக்கு மேல் பொன் எடுத்தாயிற்று. என் தந்தையார் அன்று மாலை தம் தலைக்கவசத்தை வீட்டுக்கு எடுத்து வந்து ஆணியில் மாட்டினார். பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. நான் அப்போது மெட்ரிக் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன்.

கம்பெனி போயிற்று, பாதை போகவில்லை. சரக்கு வண்டி எங்கே நிற்கிறது என்பதை அறியத் தந்தியடித்துக் காத்திருந்த காலம் மாறி, இன்று கணிப்பொறித் திரையில் அதனை நான் அமர்ந்த இடத்திலிருந்தே பார்க்கிறேன். பங்காருப்பேட்டைச் சந்திப்பிலிருந்து மாரிக்குப்பம் வரையுள்ள அந்தப் பத்து மைலில் இப்போது ஏறுவோர் நம் பிள்ளைகளே. விடியுமுன் உணவுப் பாத்திரத்தோடு புறப்பட்டுப் பெங்களூர் சென்று, இரவில் திரும்புகின்றனர். பொன்னுக்காகப் போட்ட பாதையில் உழைப்பு மட்டும் வெளியே போய் வருகிறது. மார்கழிப் பனியில் உரிகம் நிலையத்து விளக்கின் கீழே அவர்கள் கூட்டமாய் நிற்பதை நான் நாள்தோறும் காண்கிறேன். பலர் சுரங்கத் தொழிலாளியின் பேரப்பிள்ளைகள், சிலரை எனக்குப் பெயர் சொல்லி அழைக்கவும் தெரியும்.