டார்ஜிலிங் டாய் ட்ரெயின்: நீராவியா, டீசலா? டிக்கெட் எடுக்கும் முன் பாருங்கள்

டார்ஜிலிங் போய்விட்டு டாய் ட்ரெயினில் ஏறாமல் யாரும் திரும்புவதில்லை. நீங்களும்தான். ஆனால் டிக்கெட் எடுக்கும்போது ஒன்றைக் கவனிக்காமல் விட்டால், நூறு வயது நீராவி எஞ்சினை எதிர்பார்த்துப் போன உங்கள் முன் டீசல் எஞ்சின் வந்து நிற்கும்.

சிலிகுரியிலிருந்து டார்ஜிலிங் வரை 1881-ல் போட்டு முடித்த பாதை இது. இன்று நியூ ஜல்பைகுரியில் தொடங்குகிறது, மொத்தம் சுமார் 88 கி.மீ. தண்டவாளங்களுக்கு இடையே வெறும் 610 மி.மீ.தான் இடைவெளி. ஊட்டி ரயிலுக்கு அது 1,000 மி.மீ. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இது 1999-லேயே இடம்பிடித்தது. ஊட்டி ரயில் சேர்ந்தது 2005-ல்.

பல் சக்கரம் இல்லாமல் எப்படி ஏறுகிறது?

ஊட்டி ரயிலில் கல்லாறு முதல் குன்னூர் வரை நடுவில் பல் வைத்த தண்டவாளம் ஒன்று இருக்கும், எஞ்சின் அதைப் பற்றிக்கொண்டு ஏறும். இங்கே அந்த வசதியெல்லாம் கிடையாது. சில இடங்களில் பாதை வட்டமடித்துத் தன் மேலேயே ஏறுகிறது. வட்டமடிக்கவும் இடமில்லை என்றால், ரயில் முன்னே போய் நின்று, ரிவர்ஸில் மேலேறி, மறுபடி முன்னே போகும். பாதை அந்த இடத்தில் 'இசட்' எழுத்து மாதிரி இருக்கும்.

இதற்காகவே வடிவமைத்த எஞ்சின்தான் பி கிளாஸ். 1889 முதல் 1925 வரை கட்டப்பட்டவை. நாலே நாலு சக்கரம், பாய்லர் மேல் சேணம் போல உட்கார்ந்திருக்கும் தண்ணீர்த் தொட்டி. ஏற்றத்தில் சக்கரம் வழுக்காமல் இருக்க, எஞ்சினின் முன்பக்கத்தில் ஆட்கள் உட்கார்ந்துகொண்டு தண்டவாளத்தில் கையால் மணல் தூவுவார்கள். அதை ஒருமுறை பார்த்துவிட்டால் 'டாய்' என்று சொல்ல மனசு வராது.

எந்த டிக்கெட்?

டார்ஜிலிங்–கூம்–டார்ஜிலிங் ஜாய்ரைடு சுமார் இரண்டு மணி நேரம். ஐ.ஆர்.சி.டி.சி.யில் நீராவி, டீசல் என இரண்டுமே இருக்கும். நீராவிக்குக் கட்டணம் கூடுதல், என்னைக் கேட்டால் கொடுக்கலாம். வழியில் பதாசியா லூப்பில் ரயில் நிற்கும், வானம் தெளிவாக இருந்தால் கஞ்சன்ஜங்கா தெரியும். 2,258 மீட்டர் உயரத்தில் இருக்கும் கூம், இந்தியாவிலேயே உயரமான ரயில் நிலையம். அங்குள்ள மியூசியத்தில் 'பேபி சிவோக்' என்ற குட்டி எஞ்சினைத் தவறவிடாதீர்கள்.

நியூ ஜல்பைகுரியிலிருந்து முழுப் பாதையும் போகும் ரயிலை இழுப்பது டீசல் எஞ்சின். ஏறக்குறைய ஒரு பகல் முழுக்க ஆகும், ஜீப்பில் போனால் மூணு மணி நேரம். சீனரிக்காகப் போகலாம், அவசரத்துக்கு ஆகாது.

மழைக்காலத்தில் மட்டும் உஷார். 2010-ல் நிலச்சரிவில் துண்டிக்கப்பட்ட பாதையில் முழுப் பயணம் திரும்பத் தொடங்க 2015 டிசம்பர் ஆகிவிட்டது. ஜூன் முதல் செப்டம்பருக்குள் போகிறீர்கள் என்றால், ரயில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள், அப்புறம் ஹோட்டல் புக் பண்ணுங்கள்.