கொம்புமுறி: ஊரே ஆடிய கதை

2001ஆம் ஆண்டு ஸ்பீல்பேர்க்கின் 'ஏ.ஐ.' திரைப்படம் வெளிவருமுன், அதன் விளம்பரத்தில் கலைஞர்களின் பெயர்களோடு, உணர்வுள்ள இயந்திரங்களுக்கு உளச்சிகிச்சை அளிப்பவர் என ஒரு பெண்ணின் பெயரும் இருந்தது. அப்படி ஒருவர் உலகில் இல்லை. அப்பெயரைத் தேடிச் சென்றவர்கள் ஒரு கொலைக் கதைக்குள் நுழைந்தார்கள். கதை மாந்தர் மின்னஞ்சல் அனுப்பினர், தொலைபேசியில் பேசினர். மைக்ரோசொப்ட் நிறுவனம் நடத்திய அந்த விளையாட்டின் தலையாய விதி, இது விளையாட்டு என்பதை ஒப்புக்கொள்ளக் கூடாது என்பதே. 7,000க்கும் மேற்பட்டோர் ஒரே குழுவாகக் கூடிப் புதிர்களை அவிழ்த்தனர். புதியதொரு கலை பிறந்துவிட்டதாகப் பலரும் எழுதினர்.

மட்டக்களப்பு வாவிக்கரையை அறிந்தவர்களுக்கு அது அத்துணை புதிதாகத் தோன்றியிராது. எருவில், மகிழூர், செட்டிபாளையம், கல்லாறு என்று கண்ணகி கோயில் கொண்ட ஊர்கள் நிறைந்த நிலம் அது. அங்கே ஊரே இரண்டாகப் பிரிந்து ஒரு கதைக்குள் இறங்கும் விளையாட்டு ஒன்று உண்டு. அதுவே கொம்புமுறி. வடசேரியார் கோவலன் கட்சி, தென்சேரியார் கண்ணகி கட்சி. எந்தச் சேரி என்பதைத் தாமாகத் தெரிவதில்லை; அது பரம்பரையாக வருவது.

கதை எளியது. உயரத்திலிருந்த பூவைப் பறிக்கக் கண்ணகியும் கோவலனும் கொக்கைத்தடிகளை நீட்ட, அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டன. இழுபறியில் ஒரு தடி முறிந்தது. வளைந்த வைர மரக்கொம்புகள் இரண்டைப் பூட்டி, வடம் கட்டி, இரு சேரியாரும் இழுப்பது அதனால்தான். யாருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றவர்கள். வென்றவர்கள் வசைப்பாட்டுப் பாடுவார்கள். தோற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்! வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' இவ்வழக்கங்களைப் பேணித் தந்த நூல்களுள் முக்கியமானது.

சிங்கள ஊர்களில் இதுவே அங்கெலிய. கண்ணகி அங்கே பத்தினி தெய்யோ. கண்டி அரசில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்த ரொபேர்ட் நொக்ஸ் 1681இல் வெளியான தம் நூலில், நாட்டின் நோய் நீங்கப் பத்தினிக்கென ஆடப்பட்ட இக்கொம்பிழுப்பை விவரிக்கிறார். அதில் ஆபாசம் மிகுந்ததால் அரசன் தடைசெய்தான் என்கிறார். அரசனே தடுக்க வேண்டியிருந்ததென்றால், ஆட்டம் எவ்வளவு சூடேறியிருக்கும் என்று ஊகிக்கலாம்.

இங்கேதான் நான் இரண்டையும் ஒப்பிட விரும்புகிறேன். மைக்ரோசொப்ட் விளையாட்டு 2001 ஜூலையில் முடிந்தது. செப்ரெம்பர் 11இல் நியூயோர்க்கில் கோபுரங்கள் விழுந்ததும், அதன் ஆட்டக்காரர் சிலர், இப்புதிரையும் நாமே அவிழ்க்கலாம் என்று முனைந்தனர். இது கதையல்ல என்று குழுவை நடத்தியவர்கள் இடைமறித்துச் சொல்ல நேர்ந்தது. கதை நடத்துநர்கள் திரைக்குப் பின்னிருந்து நூலை இழுத்தார்கள். உள்ளே போக நூறு வழி வைத்தவர்கள், வெளியே வர வழி வைக்க மறந்துவிட்டார்கள்.

வாவிக்கரையில் திரை இல்லை. கொம்பைப் பூட்டுவது பெரியவர்கள் என்பதும், அதை ஏன் பூட்டுகிறார்கள் என்பதும் ஊருக்குத் தெரியும்: மழை வேண்டும், நோய் போக வேண்டும். ஆயினும் ஆட்டம் கைகலப்பாகியதுண்டு, அதை மறைப்பானேன்? ஆனால் பகைப்பவர்கள் ஒரு கணவனும் மனைவியும் என்பதைக் கதையே நினைவூட்டிக்கொண்டிருக்கும். வைகாசிச் சடங்கின் நிறைவில் குளிர்த்தி வேறு உண்டு. மதுரையை எரித்தவளின் சினம் ஆற்றும் அச்சடங்கில் இரு சேரியும் ஒரே வாசலில்தான் நிற்க வேண்டும்.

இன்று கொம்புமுறி அரிதாகிவிட்டது. விழா மேடைகளில் ஆடிக் காட்டலாம். கொம்பும் வடமும் கிடைக்காத பொருள்களல்ல. ஆனால் தம் சேரி எதுவென்று அறியாதவர்கள் அதைப் பிடித்து இழுத்தால், அது வெறும் கயிறிழுத்தல் போட்டிதான்.