எல்மினாவும் பழவேற்காடும்

‘கானா’ என்றால் எங்கள் ஆரம்பாக்கத்தில் பாட்டுதான் ஞாபகத்துக்கு வரும். எனக்கும் அப்படித்தான், அக்ராவிலிருந்து ஒருத்தர் எங்கள் டீமில் சேரும்வரை. ஒருநாள் வீடியோ காலில் வேலைப் பேச்சு முடிந்ததும், உங்க ஊர்ப் பக்கம் பார்க்க என்ன இருக்கு என்று கேட்டார். பழவேற்காடு என்றேன். ஏரி, பூநாரை, படகு, மீன் வறுவல், டச்சுக் கல்லறை.

“டச்சுக்காரங்க கோட்டை எங்ககிட்டயும் இருக்கு, எல்மினா. ஆனா அங்க யாரும் ஜாலியா போறதில்ல” என்றார்.

அன்று ராத்திரி படிக்க உட்கார்ந்தேன்.

எல்மினா கோட்டையைப் போர்ச்சுகீசியர்கள் 1482-இல் தங்கத்துக்காகக் கட்டினார்கள். கானாவுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயரே தங்கக் கடற்கரைதான். 1637-இல் அது டச்சுக்காரர்கள் கைக்குப் போனது. போகப்போகத் தங்கத்தை மனித வியாபாரம் முந்திவிட்டது. கீழே இருட்டறைகளில் ஆண், பெண் என்று பிரித்து அடைத்தார்கள். மேலே கவர்னர் குடியிருந்தார்.

அந்த மனிதர்களை எதைக் கொடுத்து வாங்கினார்கள்? துப்பாக்கி, வெடிமருந்து, சாராயம் எல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது துணி. அதிலும் நம்ம கடற்கரைத் துணி. சோழமண்டலத்தில் நெய்த ஒருவகைப் பருத்தித் துணிக்கு வியாபாரிகள் வைத்த பெயரே ‘கினி துணி’. கினி என்பது மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரை. அங்கே இருந்தவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொள்கிற அப்பாவிகள் இல்லை. அவர்களுக்கே நல்ல நெசவு உண்டு. பிடிக்காத கோடு, பிடிக்காத நிறம் என்றால் சரக்கு அப்படியே தேங்கும். அதனால் இங்கே தறியில் என்ன ஓட வேண்டும் என்பதை அங்கே இருந்த ரசனையும் முடிவு செய்தது.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தக் கடற்கரையில் 1690 வரை தலைமையிடம் பழவேற்காடு. 1613-இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை. துணி இங்கிருந்து ஹாலந்துக்குப் போய் ஏலத்தில் விற்கும். அங்கே வாங்கி ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுவது வேறு கம்பெனி, மேற்கிந்தியக் கம்பெனி. சப்ளை செயினில் யாருக்கும் முழுப் படம் தெரிய வேண்டியதில்லை. நெய்தவருக்குக் கூலி, அவ்வளவுதான்.

இதோடு முடிந்திருந்தால் தூங்கியிருப்பேன். பழவேற்காட்டிலிருந்தே ஆட்களை ஏற்றியிருக்கிறார்கள். பஞ்சமும் சண்டையும் வந்த வருடங்களில், கஞ்சிக்கு வழியில்லாமல் பெற்ற பிள்ளையையே விற்றவர்கள் உண்டு. அவர்களைக் கப்பலில் பட்டேவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, கொண்டுபோனார்கள். நான் ஸ்கூல் டூரில் புளிசாதம் சாப்பிட்ட ஊர் அது.

எல்மினா 1979-லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. 2019-ஐ ‘திரும்பி வரும் ஆண்டு’ என்று கானா அரசு அறிவித்து, அமெரிக்காவிலும் கரீபியனிலும் இருக்கிற கறுப்பின மக்களை அழைத்தது. நிறையப் பேர் வந்தார்கள். தங்கம், கோகோ, எண்ணெய் விற்கிற நாட்டுக்கு இதுவும் ஒரு வருமானம். துக்கத்துக்கு டிக்கெட்டா என்று முதலில் எனக்கு உறுத்தியது. இப்போது உறுத்தவில்லை. டிக்கெட் வாங்கியாவது போய்க் கேட்கிறார்களே.

போன மாதம் பைக்கில் பழவேற்காடு போனேன். கோட்டையை ஆங்கிலேயர்கள் 1806-இல் இடித்துவிட்டார்கள். ஆட்டோக்காரரிடம் வழி கேட்டேன்.

“அங்க ஒண்ணும் இல்ல தம்பி, முள்ளுதான். கல்லறைக்குப் போங்க, போட்டோ நல்லா வரும்.”

போட்டோ நன்றாகத்தான் வந்தது. வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு, உள்ளே பேரும் தேதியும் வெட்டிய டச்சுக் கற்கள். அக்ராவுக்கு அனுப்பினேன். “இவங்க வாங்கினவங்க. போனவங்க பேர் எங்க இருக்கு?” என்று கேட்டிருந்தார். முள்காட்டையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன்.