நான்கிழை டி.என்.ஏ.யும் சிறு மூலக்கூறுகளும்: பிணைப்பிலிருந்து சான்று வரை

இரட்டைச் சுருள் டி.என்.ஏ.யின் ஒரே வடிவம் அன்று. குவானின் மிகுந்த பகுதிகளில் நான்கு குவானின்கள் இணைந்து சதுரத் தளமாகின்றன. அத்தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, இடையே பொட்டாசியம் அயனி அமைந்து உறுதியளிக்கும்போது ஜி-குவாட்ருப்ளெக்ஸ் எனும் நான்கிழை அமைப்பு உருவாகிறது. ஆய்வுக்கூட விந்தையாகக் கருதப்பட்ட இவ்வமைப்பு மருந்தின் இலக்காக மாறிய வரலாற்றையும், அது எழுப்பிய சான்றுச் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

குவானிலிக் அமிலத்தின் செறிந்த கரைசல் கூழாவதை ஐவர் பாங் 1910இல் பதிவுசெய்தார். அதற்கு அடிப்படை நான்கு குவானின் தளமே என்று கெல்லர்ட், லிப்செட், டேவிஸ் ஆகியோர் 1962இல் விளக்கினர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனுடன் பணியாற்றி, 1963இல் வெளிவந்த இராமச்சந்திரன் வரைபடக் கட்டுரையின் இணையாசிரியராக விளங்கியவர் வி. சசிசேகரன். அவர் 1975இல் சிம்மர்மன், டேவிஸ் ஆகியோருடன் குவனோசின் மோனோபாஸ்பேட்டின் சுருள் அமைப்பை ஆராய்ந்து வெளியிட்டார். சென்னையில் வேரூன்றிய மூலக்கூற்று வடிவ ஆய்வு மரபு இத்துறையோடு கொண்ட தொடர்பை இது காட்டுகிறது.

இவ்வமைப்பு மரபணுக் கட்டுப்பாட்டோடு இணைந்தது 2002இல் ஆகும். லாரன்ஸ் ஹர்லி குழுவினர், புற்றுநோயோடு தொடர்புடைய மிக் மரபணுவின் ஊக்கிப் பகுதியை ஆராய்ந்தனர். நான்கிழையைக் குலைக்கும் ஒற்றைக் கார மாற்றம் மரபணுச் செயற்பாட்டை மும்மடங்காக்கியது. நான்கிழையை நிலைப்படுத்தும் போர்பிரின் சேர்மம் அச்செயற்பாட்டைக் குறைத்தது. இத்தகைய சேர்மங்கள் பெரும்பாலும் தட்டையானவை, நேர்மின்னூட்டம் உடையவை. அவை நான்கிழையின் முனைத் தளத்தின்மேல் படிந்து பிணைகின்றன.

சென்னையில் பிறந்த சங்கர் பாலசுப்பிரமணியன் கேம்பிரிட்ஜில் இத்துறையை விரிவுபடுத்தினார். மனித மரபணு ஊக்கிப் பகுதிகளில் 40 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவற்றில் இவ்வமைப்புக்குரிய வரிசை உள்ளதென ஹப்பர்ட்டும் அவரும் 2007இல் கணித்தனர். மனித உயிரணுக்களுக்குள் இவ்வமைப்பு இருப்பதை அவர் குழு 2013இல் எதிர்பொருள் கொண்டு காட்சிப்படுத்தியது.

எனினும், பிணைப்பே காரணம் ஆகுமா என்பது வேறு வினா. எலிப்டிசின் வகைச் சேர்மமொன்று ஊக்கிப் பகுதியின் நான்கிழை வழியாகவே மிக் மரபணுவைத் தணிக்கிறது என ஹர்லி பங்கேற்ற 2011ஆம் ஆண்டு ஆய்வு நிறுவியது. மறு ஆண்டே அவர் பங்கேற்ற இன்னோர் ஆய்வு, நான்கிழையை நிலைப்படுத்தும் குயிண்டோலின் சேர்மமொன்றின் விளைவு அவ்வமைப்பைச் சார்ந்ததன்று எனக் காட்டியது. இரண்டும் பிணைகின்றன, ஆயின் செயல்வழி ஒன்றன்று.

இவ்வேறுபாடு தமிழ்நாட்டு ஆய்வுக்கும் பொருந்துவது. கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகம் உள்ளிட்ட இடங்களில் உலோக அணைவுச் சேர்மங்கள் டி.என்.ஏ.யுடன் பிணைவது தொடர்ந்து ஆராயப்படுகிறது. இவ்வகை ஆய்வுகளில் பரவலாகப் பயன்படும் கன்றின் தைமஸ் டி.என்.ஏ. இரட்டைச் சுருளாகும். அதில் கிடைக்கும் பிணைப்பு மாறிலி நான்கிழைத் தெரிவுத்திறனைக் காட்டாது. இருவகை அமைப்புகளையும் ஒப்பிட்டளந்து, நான்கிழை வரிசையை மாற்றிய பின் விளைவு மறைகிறதா என உயிரணுவில் சோதித்த பின்னரே ஒரு சேர்மத்தை மரபணுவின் கட்டுப்படுத்தி எனக் கூறுதல் தகும்.