களம் திரும்பிய முதுவீரர்கள்: ஹெவிவெயிட் குத்துச்சண்டையின் ஒரு வழக்கம்

தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஓய்வை அறிவித்துவிட்ட சாம்பியன் சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கையுறை அணிவது ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்துவரும் வழக்கமாகும். வீரரின் எடைக்கு மேல்வரம்பு விதிக்காத பிரிவாகிய ஹெவிவெயிட்டில் இவ்வழக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வயது ஏறும்போது கால்களின் வேகமும் கண்ணுக்கும் கைக்கும் உள்ள இசைவும் முதலில் தேய, குத்தின் வலு மட்டும் நெடுநாள் எஞ்சி நிற்பதால், மூத்த வீரரின் தளர்ச்சி அவருக்குப் புலப்படும் முன்பே எதிராளிக்குப் புலப்பட்டுவிடுகிறது. அவர் திரும்பலாமா கூடாதா என்ற விவாதம் பெரும்பாலும் அவருடைய மனவுறுதியைச் சுற்றியே நடந்துவந்தாலும், இவ்வழக்கத்தின் வரலாறு அவரைத் திருப்பி அழைத்தவர்களையும் அவருக்கு உரிமம் வழங்கியவர்களையுமே முதலில் விசாரிக்கச் சொல்கிறது.

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் ஜேம்ஸ் ஜெஃப்ரிஸ். தோல்வியே காணாத சாம்பியனாக 1905ஆம் ஆண்டில் விலகி, கலிஃபோர்னியாவின் பர்பாங்கில் பண்ணை வைத்து வாழ்ந்த அவரை அங்கிருந்து வெளியே இழுத்தது அவருடைய ஆசையன்று. 1908 டிசம்பர் 26 அன்று சிட்னியில் டாமி பர்ன்ஸை வென்று ஜாக் ஜான்சன் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனதைப் பொறுக்காத வெள்ளையினப் பத்திரிகைகளும், நாவலாசிரியர் ஜாக் லண்டனைப் போன்ற எழுத்தாளர்களும், பட்டத்தை மீட்கும் 'கடமை'யை அவர் தலையில் சுமத்தினர். 300 பவுண்டைத் தாண்டியிருந்த உடலிலிருந்து ஏறத்தாழ 100 பவுண்டைக் குறைத்துக்கொண்டு 1910 ஜூலை 4 அன்று ரீனோ நகரில் களமிறங்கிய ஜெஃப்ரிஸ், வாழ்நாளில் அதுவரை கீழே விழுந்தறியாதவர், 15ஆம் சுற்றில் மீண்டும் மீண்டும் வீழ்த்தப்பட்டார். அன்றிரவு அமெரிக்காவின் பல நகரங்களில் கறுப்பின மக்கள் தாக்கப்பட்டு உயிர்கள் பறிபோயின. 35 வயதான ஒரு விவசாயியின் தோல்விக்கு, அப்போட்டியில் எந்தப் பங்கும் இல்லாதவர்கள் உயிரை விலையாகக் கொடுத்தார்கள்.

ஜோ லூயிஸின் கதையில் அழைத்தது இனவெறியன்று, கடன். 1937 ஜூன் முதல் 1949 மார்ச் வரை பட்டத்தைத் தன்னிடமே வைத்திருந்து அதை 25 முறை காத்த அவர், 1942இல் இரு போட்டிகளின் ஊதியத்தைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்கு அளித்ததோடு தானும் படையில் சேர்ந்தார். படைப்பணியின்போது வருமானம் நின்றுபோக, போட்டி அமைப்பாளரிடம் வாங்கிய கடனும் வரிப்பாக்கியும் அதன் வட்டியும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, 1950க்குள் அரசுக்கு அவர் செலுத்த வேண்டிய தொகை மட்டும் ஐந்து லட்சம் டாலரைக் கடந்துவிட்டது. உச்ச வருமான வரி 90 விழுக்காட்டை ஒட்டியிருந்த அக்காலத்தில் குத்துச்சண்டையைத் தவிர வேறு எந்தத் தொழிலாலும் அக்கடனைத் தொடக்கூட முடியாது என்பதால் அவர் திரும்பினார். திரும்பியும் பயனில்லை, ஏனெனில் புதிதாக ஈட்டியதற்கும் வரி இருந்தது. 1950 செப்டம்பரில் எஸ்ஸர்ட் சார்ல்ஸிடம் 15 சுற்றுகளிலும் அடிவாங்கிப் புள்ளிக்கணக்கில் தோற்ற லூயிஸ், 1951 அக்டோபர் 26 அன்று நியூயார்க்கில் இளைஞர் ராக்கி மார்சியானோவின் குத்தில் 8ஆம் சுற்றில் கயிறுகளுக்கு வெளியே சரிந்தார். பின்னர் மல்யுத்தக் காட்சிகளிலும் தோன்றிய அவரை, 1981இல் மறைந்தபோது, அதிபர் ரீகனின் தனி அனுமதியுடன் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் படை மரியாதையோடு அடக்கம் செய்த அதே அரசுதான், வாழ்ந்த காலத்தில் அவரைக் களத்துக்குத் துரத்தியது என்பதை மறக்கலாகாது.

முகமது அலியின் திரும்புகை இவ்வரலாற்றின் மிகக் கசப்பான பகுதியாகும், ஏனெனில் ஜெஃப்ரிஸுக்குக் கிடைக்காத மருத்துவ எச்சரிக்கை அவருக்குக் கிடைத்திருந்தது. குத்துச்சண்டை வீரர்களின் தள்ளாட்டமும் குழறும் பேச்சும் தலையில் தொடர்ந்து விழும் அடிகளால் வரும் மூளைப் பாதிப்பின் அடையாளங்கள் என்று அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். அலியின் சொந்த மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, அவர் விலகவேண்டும் என்று வற்புறுத்திப் பார்த்து, அது நடக்காததால் 1977இல் தாமே விலகிக்கொண்டார். 1979இல் ஓய்வை அறிவித்த அலி, 1980இன் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் எம்.ஜி.ஆர். முன்னிலையில் முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஒன்றில் மோதிக் காட்டினார். மக்கள் மகிழ்ச்சிக்காக ஒருவரையொருவர் காயப்படுத்தாமல் மோதும் அத்தகைய நிகழ்ச்சிகளோடு அவர் நின்றிருக்கலாம்.

எண்பது லட்சம் டாலர் ஊதியம் பேசப்பட்ட லாரி ஹோம்ஸ் போட்டிக்கு முன், மேயோ மருத்துவமனையின் பரிசோதனையில், விரலால் மூக்கு நுனியைத் தொடுவதிலும் ஒற்றைக் காலில் துள்ளுவதிலும் அலிக்குச் சிறு தடுமாற்றம் இருந்தது பதிவாயிற்று. ஆயினும் போட்டியைத் தடுக்கும் அளவுக்கு அதில் ஏதுமில்லை என்றே முடிவு எழுதப்பட, நெவாடா மாநில ஆணையம், அதாவது வீரர்களுக்கு உரிமம் வழங்கிப் போட்டிகளை மேற்பார்வையிடும் அரசு அமைப்பு, உரிமம் அளித்தது. எடைகுறைக்க உட்கொண்ட தைராய்டு மாத்திரைகளால் வலுவிழந்து 1980 அக்டோபர் 2 அன்று களமேறிய 38 வயது அலியை, முன்பு அவரிடமே பயிற்சித் துணையாக இருந்த ஹோம்ஸ் பத்துச் சுற்றுகள் அடித்தார். எதிர்த்து அடிக்க இயலாமலும் விழ மறுத்தும் நின்ற அந்த மனிதரைப் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி போட்டியை நிறுத்தியே மீட்டார். அதன் பிறகும் 1981 டிசம்பரில் பஹாமாஸ் தீவில் டிரெவர் பெர்பிக்குடன் இன்னொரு போட்டிக்கு வழி கிடைத்தது. 1984இல் அலிக்குப் பார்க்கின்சன் நோய்க்குறி இருப்பது வெளிப்பட்டது.

இவர்களுக்கு மாறாக எப்போதும் எடுத்துக்காட்டப்படுபவர் ஜார்ஜ் ஃபோர்மன். ஹூஸ்டனில் தாம் நடத்திய இளைஞர் மையத்துக்குப் பணம் திரட்ட 1987இல் திரும்பிய அவர், வயதைக் காரணம் காட்டிய உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தை நீதிமன்றத்தில் எதிர்கொண்டு, 1994 நவம்பர் 5 அன்று 45ஆம் வயதில் மைக்கேல் மூரரை 10ஆம் சுற்றில் வீழ்த்திப் பட்டம் வென்றார். அவ்வெற்றியின் பெருமை குறையாதது. ஆனால் இடையில் பத்தாண்டுகள் அவர் தலையில் ஓர் அடியும் விழவில்லை என்பதையும், திரும்பியபின் முதல் பட்டப் போட்டிக்கு முன் நான்காண்டுகள் எளிய எதிராளிகளோடு தம்மைத் தேற்றிக்கொண்டார் என்பதையும் அவரை முன்மாதிரியாகக் காட்டுவோர் சொல்வதில்லை. 2021இல் இவாண்டர் ஹோலிஃபீல்ட் 58 வயதில் ஃபுளோரிடாவில் முதல் சுற்றிலேயே நிறுத்தப்பட்டதும், 2024இல் அதே வயதில் மைக் டைசன் இரு நிமிடச் சுற்றுகள் எட்டில் தோற்றதும் ஃபோர்மனின் பாதையை ஒத்தவை அல்ல.

ஆகவே முதிய வீரரின் ஆசையைக் குறைகூறுவது நியாயமன்று. களம் அன்றி வேறு வாழ்வறியாதவர் களத்தை நாடவே செய்வார். பொறுப்பு உரிமத்தில் கையெழுத்திடுபவரிடமும், அவர் திரும்பத் தேவையில்லாத வாழ்வை அமைத்துத் தரத் தவறியவர்களிடமும் இருக்கிறது. நுழைவுச்சீட்டு ஒவ்வொன்றிலிருந்தும் சிறுதொகை பிடித்து, ஓய்வுபெற்ற குத்துச்சண்டை வீரர்களுக்கு ஓய்வூதியம் வழங்கும் திட்டத்தைக் கலிஃபோர்னியா 1982இல் தொடங்கியது. குத்துச்சண்டையால் பணம் ஈட்டும் மற்ற மாநிலங்களும் நாடுகளும் அதையே செய்யவேண்டும்.