கை, கம்பு, கண் சிமிட்டல் - இண்டிகேட்டர் வந்த கதை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுகிட்டே இருந்த விஷயம் இது. பைக் இண்டிகேட்டருக்கெல்லாம் ஒரு வரலாறான்னு சிரிக்கறவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க.

தரமணியில குடியிருக்கறதால தினமும் சாயங்காலம் ராஜீவ் காந்தி சாலையில (நமக்கு இன்னமும் ஓ.எம்.ஆர். தான்) இலவசமா ஒரு இண்டிகேட்டர் கண்காட்சி பாக்கலாம். நீலம், வெள்ளை, பாம்பு மாதிரி ஓடறது, மின்மினி மாதிரி துடிக்கறது, எரியுதா இல்லையான்னே தெரியாத கறுப்புக் கண்ணாடி போட்டதுன்னு விதவிதமா இருக்கும். எங்க தெருத் தம்பி ஒருத்தன் புது பைக் வாங்கின மூணாவது வாரமே ஒரிஜினலை கழட்டிட்டு, விரல் நுனி சைசுல எல்இடி மாட்டிட்டு வந்தான். "அண்ணா, இதுக்கெல்லாம் போலீஸ் பிடிப்பாங்களா?"ன்னு கேட்டான். ஒரு வரியில பதில் சொல்லிடலாம்தான். ஆனா இந்த விளக்கு எதுக்கு பதிலா வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் அந்த பதில் புரியும்.

முதல்ல இருந்தது கை. 1939-ல வெள்ளைக்காரங்க காலத்துல வந்த மோட்டார் வாகனச் சட்டத்துலயே சைகைகள் உண்டு. சுதந்திரத்துக்கு அப்புறம் வந்த 1989 சாலை விதிகளும் அதே வழிதான். வலது பக்கம் திரும்பணும்னா வலது கையை நேரா நீட்டி உள்ளங்கையை முன்பக்கம் காட்டணும். இடது பக்கம்னா அதே வலது கையை நீட்டி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில சுத்தணும். வேகம் குறைக்கணும்னா உள்ளங்கையை கீழே பாத்து மேலும் கீழுமா ஆட்டணும்.

எல்லாமே வலது கை, கவனிச்சீங்களா? காரணம் கார். நம்ம ஊர் கார்ல ஸ்டியரிங் வலது பக்கம். ஜன்னல் வழியா வெளிய நீட்ட முடியறது வலது கைதான். காருக்கு சரி. பைக்காரனுக்கு? ஆக்ஸிலேட்டரும் முன் பிரேக்கும் இருக்கறது அந்தக் கையிலதான். திரும்பப் போற நேரத்துல, பிரேக் ரொம்பத் தேவைப்படற அந்த ரெண்டு செகண்டுல, அந்தக் கையை எடுத்து காத்துல ஆட்டணும்! பழைய புல்லட், லாம்ப்ரட்டா ஓட்டின பெரியவங்க யாரையாவது கேட்டுப் பாருங்க, சொல்வாங்க. (நம்ம ஆட்டோ அண்ணன்கள் கைக்கு பதிலா காலை வெளிய நீட்டறது தனி சாஸ்திரம், எந்தச் சட்டத்துலயும் இல்லாதது.)

அடுத்து வந்தது கம்பு. 1914 வாக்குல ஃப்ளாரன்ஸ் லாரன்ஸ்னு ஒரு அமெரிக்க ஊமைப்பட நடிகை, பட்டனை அழுத்தினா காரோட பின்பக்கம் ஒரு கைகாட்டி எழுந்து நிக்கற மாதிரி ஒண்ணு செஞ்சாங்க. காப்புரிமை வாங்கல, காசும் பாக்கல. பிற்பாடு இங்கிலாந்து கார்கள்ல இதே யோசனை "டிராஃபிகேட்டர்"ங்கற பேர்ல வந்தது. கதவுக்குப் பக்கத்து தூண்லேர்ந்து ஒரு சின்ன கை வெளிய நீளும், அதுக்குள்ள ஒரு பல்பு எரியும். மாரிஸ் மைனர்ல உண்டு. அந்த மைனரைத்தான் நம்ம ஊர்ல பேபி ஹிந்துஸ்தான்னு வித்தாங்க. கம்பு அப்பப்போ மாட்டிக்கும், உள்ளேயிருந்து தூணை ஒரு தட்டு தட்டினா வெளிய வரும்.

மூணாவதா சிமிட்டற விளக்கு. 1939-ல அமெரிக்காவுல ப்யூக் கம்பெனி இதை ஃபேக்டரியிலேயே மாட்டி வித்தது. ரெண்டு சக்கரத்துக்கு 1958-ல வந்த ஹோண்டா சூப்பர் கப் ஒரு முக்கியமான வண்டி. சின்ன வண்டிதான், ஆனா இண்டிகேட்டரோட வந்தது. நம்ம பக்கம் 1955-லேயே திருவொற்றியூர்ல என்ஃபீல்டு வந்தாச்சு. ஆனா நம்ம ஊர் பைக்குகள்ல இண்டிகேட்டர் சர்வசாதாரணமா ஆனது 80-களோட நடுவுலதான். 1984-ல ஓசூர்ல இண்ட்-சுசுகி, 1985-ல ஹீரோ ஹோண்டாவோட சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100ன்னு ஜப்பான் கூட்டு வண்டிகள் வரிசையா வந்தப்போ, அதெல்லாம் நாலு மூலையிலயும் மஞ்சள் விளக்கோட வந்தது. வலது கை ஆக்ஸிலேட்டரை விட வேண்டிய அவசியம் போச்சு.

இதை விதியா எழுதினது 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள், 102-வது விதி. நிறம் ஆம்பர், அதாவது ஆரஞ்சு கலந்த மஞ்சள். நிமிஷத்துக்கு 60-க்கு குறையாம, 120-க்கு மேல போகாம சிமிட்டணும். முன்னாலேர்ந்தும் பின்னாலேர்ந்தும் தெளிவா தெரியணும்.

இந்த நம்பர் எல்லாம் சும்மா வெச்சது இல்ல. 40 கி.மீ. வேகத்துல வர்ற வண்டி ஒரு செகண்டுல 11 மீட்டர் ஓடிடும். நிமிஷத்துக்கு 60ன்னா செகண்டுக்கு ஒரு சிமிட்டல். அதுக்கும் மெதுவா சிமிட்டினா, பின்னால வர்றவன் பாக்கற அந்த ஒரு பார்வை விளக்கு அணைஞ்ச நேரத்துல விழுந்துடலாம். 120-க்கு மேல போனா, சிமிட்டல் மாதிரி தெரியாம துடிப்பு மாதிரி தெரியும். நிறமும் அப்படித்தான். பின்பக்கம் சிவப்புன்னா பிரேக், முன்பக்கம் வெள்ளைன்னா ஹெட்லைட். நடுவுல தனியா நிக்கற நிறம் மஞ்சள்.

இப்ப தம்பியோட வண்டிக்கு வருவோம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்லயோ புதுப்பேட்டையிலயோ போனா எல்லா இண்டிகேட்டரும் கிடைக்கும். மாட்டினதும் வழக்கமா ரெண்டு கோளாறு வரும். முதலாவது வேகம். பழைய பல்பு ஒவ்வொண்ணும் 10 வாட், எல்இடி ஒண்ணு ரெண்டு வாட்தான். பழைய ஃபிளாஷர், கரண்ட் குறைஞ்சதைப் பாத்து பல்பு ஃப்யூஸ் போச்சுன்னு நினைச்சு படபடன்னு அடிக்கும், இல்லேன்னா அடிக்கவே அடிக்காது. இதுக்கு சுலபமான வழி, லோடை நம்பாத எல்இடி ஃபிளாஷர் மாத்தறது. சிலர் ரெசிஸ்டர் போடுவாங்க. 12 வோல்டுக்கு 10 வாட்னா கணக்குப்படி 14.4 ஓம். வேலை செய்யும், ஆனா நல்லா சூடாகும். வயர் பக்கத்துல, பிளாஸ்டிக் பக்கத்துல கட்டக்கூடாது.

ரெண்டாவது கோளாறு வேடிக்கையானது. இடது பட்டன் அழுத்தினா நாலும் எரியும்! மீட்டர்ல ரெண்டு பக்கத்துக்கும் சேத்து ஒரே பைலட் பல்பு இருக்கற வண்டிகள்ல, அந்த பல்பு வழியா கரண்ட் அடுத்த பக்கம் போயிடும். பழைய பல்பு அந்த கொஞ்சூண்டு கரண்டுக்கு எரியாது, எல்இடி எரியும். ரெண்டு டயோடு போட்டா தீந்தது.

சட்டத்துக்கு வருவோம். 1988 சட்டத்தோட 52-வது பிரிவு, ஆர்.சி.யில இருக்கற விவரம் கம்பெனி கொடுத்ததுலேர்ந்து மாறற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுங்குது. மாற்றம்னா வண்டியோட அடிப்படை அம்சம் மாறற மாதிரியான கட்டமைப்பு மாற்றம்னு அதே பிரிவுல விளக்கமும் இருக்கு. 2019 ஜனவரியில ஒரு கேரளா வழக்குல சுப்ரீம் கோர்ட்டும் இதை கறாரா சொல்லிடுச்சு. இண்டிகேட்டர் மாத்தறது அடிப்படை அம்சத்தை மாத்தறது இல்லேன்னு வாதாடலாம். ஆனா 102-வது விதியிலேர்ந்து தப்பிக்க முடியாது. அதே 2019-ல வந்த திருத்தத்துல 182ஏ பிரிவு சேந்தது. அனுமதி இல்லாத உதிரி பாகம் மாட்டி வண்டியை மாத்தினா, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா 6 மாசம் வரை ஜெயில், ரெண்டும் சேத்தும் கொடுக்கலாம்.

தம்பிகிட்ட சொன்னது இதுதான். நிறம் ஆம்பரா இருக்கட்டும். சிமிட்டறதை வாட்ச் வெச்சு எண்ணு, 60-க்கும் 120-க்கும் நடுவுல வரணும். மதியம் வெயில்ல பத்தடி தள்ளி நின்னு பாரு, தெரியணும். நம்பர் பிளேட் பக்கத்துல ரெண்டையும் ஒட்டி வெக்காதே. ஐ.நா.வோட பைக் விளக்கு விதியில முன்பக்கம் 240 மில்லிமீட்டர், பின்பக்கம் 180 மில்லிமீட்டர் இடைவெளி கேக்கறாங்க. ராத்திரி தூரத்துலேர்ந்து பாக்கறவனுக்கு இடதா வலதான்னு பிரிச்சுக் காட்டறது அந்த இடைவெளிதான். கழட்டின ஒரிஜினலை தூக்கிப் போடாதே.

2022-ல இந்தியாவுல சாலை விபத்துல செத்தவங்க 1,68,491 பேர். அதுல 44.5 சதவீதம் ரெண்டு சக்கரத்துல போனவங்க. எல்லாமே இண்டிகேட்டரால இல்லதான். ஆனா டைடல் பார்க் பக்கம் மூணு லேன் தாண்டி வலது பக்கம் ஒதுங்கறப்போ, பின்னால வர்ற தண்ணி லாரிக்காரர்கிட்ட நாம பேசறதுக்கு இருக்கற ஒரே வார்த்தை அந்த மஞ்சள் விளக்குதான். அது அவருக்குப் புரியற பாஷையில இருக்கணும்.

தம்பி எல்இடியை கழட்டல. ஃபிளாஷரை மட்டும் மாத்திகிட்டான், இப்போ நிமிஷத்துக்கு 85 அடிக்குது. உங்க ஊர்ல இன்னும் வலது கையை சுத்தி இடது பக்கம் திரும்பற பெரியவங்க யாராவது இருக்காங்களா? இருந்தா சொல்லுங்க மக்களே :-)